முழங்காலில் தொடங்கிய முட்டு

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று மருத்துவபீடத்தின் இறுதியாண்டு வரைக்கும் நம்பியிருந்த முட்டாள் நான். நம்பியதோடு நிற்கவில்லை. அந்த நம்பிக்கையைச் சேலைன் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், ‘நல்வரவு’ என்ற பொருள்பட எழுதி, மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டும் நின்றேன். அதில் ஒரு எழுத்துப் பிழை வேறு இருந்தது.

வெளிநாட்டு மாணவி ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு மாதம் பயிற்சி பெற வருகிறார், போய்க் கூட்டிவா என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெயரைக் கேட்டிருக்கலாம். நாட்டைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு முன்பு வந்த இருவரும் ஜெர்மன்காரர்கள். ஆகையால் மூன்றாமவளும் தங்க நிறத் தலைமயிரோடு இறங்குவாள் என்று எனக்குள் நானே முடிவுகட்டி, சட்டைக்கு இஸ்திரி கூடப் போட்டிருந்தேன். கொழும்பிலிருந்து இரவு புறப்பட்ட ரயில் விடிந்து வந்து சேர்ந்தது. சனம் இறங்கியது. மூட்டை முடிச்சு இறங்கியது. எங்கள் நிறத்தில், பெரிய பையொன்றைத் தோளில் மாட்டிய ஒரு பெண் என்னெதிரே வந்து நின்று அட்டையைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“அண்ணே, இந்த போர்டு...” என்று தொடங்கினாள்.

“தங்கச்சி, கொஞ்சம் அங்கால நில்லுங்க. வெளிநாட்டுப் பிள்ளை ஒண்டு வருது, நீங்க மறைக்கிறீங்க.”

மரியாதையாகத் தள்ளி நின்றாள். ரயில் வெறுமையாகி, பெட்டி கூட்டுகிறவர் துடைப்பத்தோடு ஏறும்வரைக்கும் பொறுமையாக நின்றாள். அதன்பிறகுதான் சொன்னாள்: “அண்ணே, நான் மதுரையிலேர்ந்து வர்றேன். அது வெளிநாடுதானே?”

இப்படித்தான் எனக்கு அறிமுகமானாள் அவள். வாட்டில் நோயாளிகள் அவளை ‘இந்தியாப் பிள்ளை’ என்றார்கள். நான் மதுரைக்காரி என்றேன். இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் என் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றுவிடும். என் வெள்ளைக் கோட்டின் பொத்தான் பூட்டுப்படாததற்கு அதுதான் காரணம், வயிறு காரணமில்லை என்பதை இந்த இடத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

அவள் வந்ததில் எல்லோரையும் விட எனக்குத்தான் நிம்மதி. ஜெர்மன்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்து களைத்துப்போனவன் நான். நோயாளி பத்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, “வயிறு நோகுதாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். “இவ்வளவு நேரமும் அதையா சொன்னார்?” என்று அந்த அப்பாவிப் பையன்கள் சந்தேகமாகக் கேட்பார்கள். “தமிழ் கொஞ்சம் நீளமான மொழி” என்பேன். இப்போது தமிழே தெரிந்த ஒருத்தி வந்துவிட்டாள். இனி எனக்கு வேலையில்லை, கன்டீனில் குந்தலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பெரிய டொக்டர் மேடமும் அப்படித்தான் நினைத்தார் போலும். “பாஷைப் பிரச்சினை இல்லை, நேரே நோயாளிகளிடம் போகலாம்” என்று அவளை அனுப்பிவிட்டார்.

பிரச்சினை முதல் நாளே தொடங்கியது. ஆனால் அது பிரச்சினை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வயோதிபத் தாயிடம் நான் வழக்கம்போல “என்ன வருத்தம் அம்மா?” என்று கேட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த மதுரைக்காரி, தேநீர் குடிக்கும்போது கண்கள் கலங்கச் சொன்னாள்: “எங்க ஊர்ல வந்ததும் எங்க வலிக்குதுன்னுதான் கேப்பாங்க அண்ணே. நீங்க என்ன வருத்தம்னு மனசைத் தொட்டுக் கேக்கறீங்க. பெரிய விஷயம்.”

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம், சிரங்கும் வருத்தம். அவளுக்கு வருத்தம் என்றால் மனத்துயரம். இதை நான் உடனே விளக்கியிருக்க வேண்டும். ஆனால் என்னைப் பார்த்து ஒரு பெண் கண்கலங்கிப் பாராட்டியது அதுவே முதல் தடவை. “எங்கட பழக்கம் அப்பிடித்தான் தங்கச்சி” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு இன்னொரு பணிஸ் எடுத்துக் கடித்தேன். ஒரு கிழவர் தனக்குச் ‘சீனி வருத்தம்’ என்று சொல்லி, சீனி கிடைக்கவில்லை என்றா இவ்வளவு துயரப்படுகிறார் என்று அவள் குழம்பி, நீரிழிவு என்று யாரோ விளக்கிய பிறகுதான் என் குட்டு வெளிப்பட்டது. அன்றைக்கு முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சொல்லையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்று அர்த்தம். சாதாரணமாக வாய் திறப்பதற்குக் கதைப்பது என்போம். எங்கள் பெரிய டொக்டர் அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் நன்றாகப் பேசுவார். ஒருநாள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்த என்னிடம், “மேடம் நல்லாப் பேசுனாங்களா அண்ணே?” என்று இவள் வாஞ்சையோடு கேட்டாள். “ஓம் தங்கச்சி, நல்லாப் பேசினா” என்றேன். இருவரும் சந்தோஷமாகப் பிரிந்தோம்.

அடுத்து வந்தது சத்தி. பனிச்சங்கேணியிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர், “விடியத் தொடக்கம் ஒரே சத்தி புள்ள” என்றிருக்கிறார். எங்களுக்குச் சத்தி, வாந்தி. அவளோ சக்தியைத்தான் அவர் பேச்சுவழக்கில் சொல்கிறார் என்று எண்ணி, முகமெல்லாம் மலர்ந்து, “ரொம்ப நல்லதுங்கய்யா, அப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்” என்றாள். மனிதர் எழும்பிக் குந்திவிட்டார். “என்ன புள்ள, நான் சத்தியெடுத்துச் சாகிறன், நீ நல்லதெண்டு சொல்லுறாய்?”

ஆனால் வாட்டை உண்மையில் உலுக்கியது முட்டுத்தான். எங்கள் பக்கத்தில் முட்டு என்றால் மூச்சிழுப்பு. ஆஸ்துமா என்ற சொல்லை நோயாளி யாரும் சொல்வதில்லை. முட்டு, முட்டு வருத்தம், அவ்வளவுதான். மதுரைப் பக்கத்தில் முட்டு என்றால் முழங்கால். பஸ் கண்டக்டர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “முட்டு தாங்க ஏலாது மிஸ்” என்று சொல்ல, இவள் அவருடைய சாரத்தை முழங்கால்வரை பக்குவமாக மடித்துவிட்டு, இரண்டு முழங்கால்களையும் அமுக்கிப் பார்த்து, மடக்கி நீட்டிப் பார்த்து, “வீக்கம் ஒண்ணும் இல்லையே” என்றிருக்கிறாள். அவர் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து, “புள்ள, முட்டு நெஞ்சிலகா, காலிலயில்ல” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அந்தக் கதையைக் கன்டீனுக்குக் கொண்டுபோனேன், விடுதிக்குக் கொண்டுபோனேன், நடித்தும் காட்டினேன். என் நடிப்பில் கண்டக்டரை விட முழங்கால் நன்றாக வந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நல்லாச் சிரிங்க அண்ணே. நான்தான் தமிழ் தெரியும்னு நெனைச்சுட்டேன். அது தப்பு. நாளையிலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள்.

சொன்னபடியே செய்தாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் குந்தி, நோயாளி எந்தச் சொல்லைச் சொன்னாலும், தனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தாலும், “அப்படின்னா என்னங்க? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க” என்று கேட்டாள். நாங்கள் கேட்டால் ஒற்றைச் சொல்லில் முடிக்கிறவர்கள் அவளுக்கு மட்டும் கதைகதையாகச் சொன்னார்கள். ‘உளைவு’ என்றால் என்னவென்று காட்ட ஒரு அம்மா அவளுடைய கையையே பிடித்து முறுக்கிக் காட்டினார். வாகரைக்காரர் ஒருவர் தலைச்சுற்றை விளக்க வள்ளத்தில் ஏறி நிற்பதுபோல் கட்டிலிலேயே எழும்பி நின்று ஆடினார். விழுந்தால் யார் பொறுப்பு என்று தாதி மிஸ்மார் ஓடி வந்தார்கள். நான் ஆறு பேரைப் பார்த்து முடிக்கிற நேரத்தில் அவள் ஒருவரோடு இருப்பாள். எனக்கு அதில் பெரிய இளக்காரம்.

அந்த மாதத்தின் கடைசிக் கிழமையில்தான் வெல்லாவெளிப் பெண் வந்தாள்.

அறுவடைக் காலம். வயல் வட்டைக்குள் நெல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே கணவன் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவன் காலில் சேறு காயவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வயிற்றில் பிள்ளை. மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குந்தியிருந்தாள்.

“என்ன வருத்தம்?” என்று கேட்டேன்.

“முட்டு” என்றாள்.

“எப்பயிருந்து?”

“கனகாலம். அம்மாக்கும் முட்டு.”

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முதுகில் கருவியை வைத்தேன், விசில் கேட்டது. தாய்க்கும் முட்டு, மகளுக்கும் முட்டு, நெஞ்சில் விசில். கடமையில் இருந்த இளம் டொக்டரிடம் ஆஸ்துமா என்று ஒப்புவித்தேன். அவர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். “நெபுலைசர் வையுங்க, நான் வாறன்” என்றார். முகமூடி போட்டு, மருந்துப் புகை ஏறியது. ஒருமுறை முடிந்து இன்னொருமுறையும் வைத்தாயிற்று. அவளுக்கு இழுப்பு இறங்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற கணவன், “ரெண்டு உசிரு டொக்டர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். அதுவரை யாரும் என்னை டொக்டர் என்று அழைத்ததில்லை. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

மதுரைக்காரி தன் வழக்கப்படி வந்து குந்தினாள். நான் பயத்தில் இருக்கும்போது அதிகமாகப் பகிடி விடுகிறவன். “முட்டு தங்கச்சி. முழங்காலைப் பாக்கப் போறீங்களா?” என்றேன். சிரித்தும் விட்டேன்.

“பாப்பேன்” என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே. நோயாளியின் கையைப் பிடித்தாள். “அக்கா, முட்டுன்னா எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன செய்யுதுன்னு மெதுவாச் சொல்லுங்க.”

அந்தப் பெண் துண்டு துண்டாகச் சொன்னாள். “படுக்க ஒண்ணா புள்ள. படுத்தா தண்ணிக்குள்ள அமத்திப் புடிச்ச மாதிரி இரிக்கும். எழும்பிக் குந்தினா கொஞ்சம் பறவாயில்ல.”

“இருமினா?”

“சளி லேசாச் சிவப்பு.”

“உங்கம்மாவுக்கும் இப்படியா? படுக்க முடியாதா?”

“இல்ல. அவ தூசி பட்டா இழுப்பா. மறுகா சரியாகிடும். நல்லாப் படுத்து நித்திரை கொள்ளுவா.”

மதுரைக்காரி அவளுடைய கால்களைப் பார்த்தாள். கணுக்காலில் விரலை அமுக்கினாள், குழி விழுந்தது. பிறகு, நான் கன்டீனில் நடித்துக் காட்டிய அதே பாவனையில், முழங்காலில் கையை வைத்தாள். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

“சின்ன வயசுல மூட்டு எதுவும் வீங்கிச்சாக்கா?”

அந்தப் பெண் முகமூடிக்கு மேலால் ஆச்சரியமாகப் பார்த்தாள். “ஓம் புள்ள. பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ள. காய்ச்சல் வந்து, முதல் இந்த முழங்கால் வீங்கினது. மறுகா மத்தது. மறுகா கைமணிக்கட்டு. ஒரு மாசம் எழும்பாமக் கிடந்தன். அது உனக்கெப்பிடித் தெரியும்?”

என் சிரிப்பு அந்த இடத்தில்தான் நின்றது. அதற்குரிய பாடம் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். பிள்ளை வயதில் தொண்டையில் வந்து, மூட்டு மூட்டாக வீங்கி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் போய்விட்டு, இதயத்தின் வால்வை மெல்ல மெல்லச் சுருக்குகிற காய்ச்சல் அது. வருடக்கணக்கில் தெரியாது. பிள்ளை உண்டாகி, இரத்தம் கூடி, இதயம் இரண்டு பேருக்கு உழைக்கத் தொடங்கும்போது நுரையீரலுக்குள் தண்ணீர் ஏறும். அப்போதும் விசில் கேட்கும். அந்த விசிலுக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து இதயத்தை இன்னும் வேகமாக விரட்டும்.

மதுரைக்காரி அந்தப் பெண்ணை இடப்பக்கம் சரித்து, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள். எனக்கும் தந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வாவியின் அக்கரையில் மோட்டார் வள்ளம் ஒன்று போவது போல, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாத ஒரு உறுமல்.

“இதை நிறுத்தணும் அண்ணே. மேடம் வரணும், உடனே.”

மேடம் கிளினிக்கில் இருந்தார். கிளினிக் நேரத்தில் அவரைக் கூப்பிடப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது எங்களுக்குள் ஒரு தனி வரலாறு. “மேடம் பேசுவா” என்றேன்.

“பேசட்டும். நான் சொன்னா அவங்களுக்கு விளக்கிச் சொல்லவே பத்து நிமிஷம் ஆகும். நீங்க ஓடுங்க. நான் டியூட்டி டாக்டரைக் கூப்பிடறேன்.”

ஓடினேன். ஒரு செருப்பு தாழ்வாரத்தில் கழன்றது, விட்டுவிட்டு ஓடினேன். என் மருத்துவ வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அந்த ஓட்டம்தான். கிளினிக் கதவைத் தட்டாமலே திறந்து, “மேடம், முட்டில்ல, முழங்கால்” என்று கத்தினேன். இன்றுவரைக்கும் அதைவிட மோசமாக ஒரு நோயாளியைப் பற்றி யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் மேடம் என் முகத்தைப் பார்த்தார். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். எழும்பி வந்தார்.

நாங்கள் போனபோது கடமை டொக்டர் நெபுலைசரை நிறுத்தி ஒட்சிசன் போட்டிருந்தார். மேடம் குனிந்து நீண்ட நேரம் கேட்டார். தண்ணீரை இறக்குகிற ஊசி போடச் சொன்னார், இதயப் பிரிவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். பிற்பகலில் அந்தப் பெண்ணின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் மேடம் எங்களிடம் திரும்பினார்.

“முழங்காலைப் பற்றிக் கேட்டது யார்?”

வாழ்க்கையில் எந்தப் பாராட்டையும் பங்குகேட்காமல் விட்டவன் இல்லை நான். அன்றைக்கு என் விரல் தானாகவே அவளைக் காட்டியது. “இந்தப் பிள்ளைதான் மேடம். மதுரை” என்றேன், ஏதோ மதுரையை நான்தான் கட்டிக்கொடுத்தவன் போல. மேடம் அவளிடம், “முட்டு என்றால் என்னவென்று இந்த வாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் ஒருத்தரும் கேட்கவில்லை” என்றார். பிறகு என்னிடம் பேசினார். எங்கள் ஊர் அர்த்தத்தில், மிக நன்றாகவே பேசினார்.

வெல்லாவெளிப் பெண்ணைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தொடை இரத்தக்குழாய் வழியாகச் சின்னப் பலூன் ஒன்றைக் கொண்டுபோய், சுருங்கிய வால்வை விரித்துவிட்டார்களாம். பிள்ளை பிறந்தது என்ற செய்தி வந்தபோது மதுரைக்காரி தன் ஊருக்குப் போய்ச் சில மாதங்களாகிவிட்டன. நான் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது. “என்ன தங்கச்சி, வருத்தமா?” என்று கேட்டேன். “ஆமாண்ணே, ரொம்ப சந்தோஷ வருத்தம்” என்று மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது அவள் இதய மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் படுவான்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். யாராவது வந்து முட்டு என்றால் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “முட்டெண்டா என்ன மாதிரி? படுக்க ஏலுமா? எங்க புடிக்குது?” என்று ஒன்றிலிருந்து கேட்கிறேன். “இந்த டொக்டருக்கு முட்டும் தெரியாது” என்று ஊருக்குள் ஒரு பெயர் பரவியிருக்கிறது. முழங்காலைப் பார்க்கிற டொக்டர் என்றும் சொல்கிறார்களாம். இந்தப் பட்டங்களை எல்லாம் நான் அவளுக்கு உடனுக்குடன் எழுதி அனுப்புகிறேன். எங்கள் வாட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவள் எனக்குத் தந்துவிட்டுப் போன பட்டங்கள் அவை. வாங்கிய மற்றப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய சுவரில் இவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு பெண் தன் சின்ன மகளுக்குக் காய்ச்சலென்று கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் தொண்டையைப் பார்த்து, பழக்கத்தில் முழங்கால்களையும் தடவிப் பார்த்தபோது, தாய் மெல்லச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. ஆனால் அந்த முகம் மறக்கக்கூடியதில்லை. அப்படியென்றால் கட்டிலில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது அன்றைக்கு வயிற்றில் இருந்த இரண்டாவது உயிர். “இந்தியாப் பிள்ளை சுகமா இரிக்கிறாவா?” என்றுதான் முதலில் கேட்டாள். இருக்கிறாள் என்றேன், இதய டொக்டராகப் போகிறாள் என்றேன், அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த பெருமையையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அண்டைக்கு நானும் அங்க இருந்தனான். என்னை ஞாபகமிரிக்கா?” என்று கேட்டேன்.

“ஓம், நீங்கதானே ஓடின ஆள்.”